மில்டனை யார் நடத்தலாம்?

அத்திப்பட்டிலிருந்து மின்சார ரயிலேறிச் சென்னைக்குப் போய் எம்.ஏ. ஆங்கிலம் படிப்பவருக்கு ஆங்கிலக் கவிஞர் மில்டனிடமிருந்து தப்பிக்க வழியில்லை. காலையில் அம்மன் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தவரும், மில்டன் காவியம் பாடும் ஆதாமின் வீழ்ச்சியில் கடவுளின் நீதி எங்கே என்று பக்கம் பக்கமாக எழுதியாக வேண்டும். நம்பாத ஒன்றை உணர்ந்து படிக்க முடியுமா? நாளை ஆசிரியராகி அதை நேர்மையாக நடத்தத்தான் முடியுமா?

கேள்வி பழையது. இலக்கியத்தைத் தன் நம்பிக்கையோடு சேர்த்தே நடத்தியவர்கள் அன்றே இருந்தார்கள். 1862இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த வில்லியம் மில்லர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். மக்பெத்தின் பேராசையும் லியரின் பிடிவாதமும் அவருக்கு ஒழுக்கப் பாடங்கள். ஷேக்ஸ்பியர் பற்றிப் புத்தகங்களே எழுதினார். ஆளை மதம் மாற்றுவதைவிட, சமூகத்தின் சிந்தனையில் கிறித்தவக் கருத்துகள் மெல்லப் பரவுவதே கல்லூரியின் வேலை என்பது அவர் கட்சி. மிஷனரிகள் எல்லாரும் இதை ஏற்கவில்லை.

மில்டனை நடத்தக் கிறித்தவராக வேண்டியதில்லை; கம்பனை நடத்த வைணவராகவா வேண்டும்? ஆனால், அந்த நம்பிக்கைக்குள் நின்று யோசிக்கும் பொறுமை வேண்டும். அது இருந்தால் எதிர்க்கவும் செய்யலாம். அதே கல்லூரியில் இந்து சமயம் பற்றிக் கேட்ட விமர்சனங்கள் உறுத்தியதால், பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் 1908இல் தத்துவ எம்.ஏ. ஆய்வேட்டுக்கு வேதாந்தத்தின் அறநெறியையே எடுத்துக்கொண்டார். அதைப் பாராட்டியவர், அவருக்குத் தத்துவம் நடத்திய மிஷனரி ஏ.ஜி. ஹாக்.