யாருக்கு எந்த மெக்பெத்?

அக்கா மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். அவள் மேசையில் ஒரு மெக்பெத் காமிக்ஸ் கிடந்தது. "காமிக்ஸ்னு சொல்லாதீங்க சித்தி, கிராஃபிக் நாவல். டீச்சர் குடுத்தது" என்றாள்.

பிரிட்டனின் கிளாசிகல் காமிக்ஸ் 2008இல் வெளியிட்ட புத்தகம். ஒரே ஓவியங்களை வைத்து மூன்று பதிப்புகள் போட்டிருக்கிறார்கள். ஒன்றில் ஷேக்ஸ்பியரின் மூல வசனம், இன்னொன்றில் அதுவே இன்றைய ஆங்கிலத்தில், மூன்றாவதில் குமிழிக்கு ஒன்றிரண்டு வரிச் சுருக்கம். அவளிடம் இருந்தது மூன்றாவது. "பக்கத்து கிளாஸுக்கு ஒரிஜினல். எங்களுக்கு இதான்" என்றாள், ஏதோ கேன்டீன் மெனு சொல்வதுபோல.

எனக்குச் சுருக்கென்றது. நான் நார்மல் அகாடமிக்கில் படித்தவள். எங்களுக்கும் எல்லாமே சுருக்கம்தான், அதுவும் போட்டோஸ்டாட்டில். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல் அந்தப் பெயர்கள் போய், ஜி1, ஜி2, ஜி3 என்று பாடவாரியான நிலைகள் வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் யாருக்கு எந்த மெக்பெத் என்பதை இன்னமும் யாரோ முடிவு செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

படம் போட்டால் இலக்கியம் கெட்டுவிடும் என்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. நாடகம் பார்ப்பதற்காக எழுதப்பட்டது. வகுப்பில் முறை வைத்து ஆளுக்கு நான்கு வரி, தூக்கம் கலந்த குரலில் வாசிப்பதில் என்ன புனிதம் இருக்கிறது? என் கவலை வேறு.

டங்கனைக் கொல்லப் போகுமுன் மெக்பெத் தன் கண்ணெதிரே ஒரு கத்தியைப் பார்க்கிறான். பிடிக்கப் போகிறான், கைக்கு அகப்படவில்லை. மேடையில் நடிகர் வெறும் காற்றைப் பார்த்துப் பேசினால் போதும். ஓவியர் அப்படித் தப்பிக்க முடியாது. கத்தியை வரைந்தால் அது இருக்கிறது. வரையாவிட்டால் அவனுக்குப் புத்தி பிசகிவிட்டது. பாங்கோவின் ஆவியும் அப்படித்தான். 1623இல் அச்சான முதல் தொகுப்பில் ஆவி வந்து மெக்பெத்தின் இடத்தில் உட்காருவதாகவே குறிப்பு இருக்கிறது. இருந்தும் நாற்காலியைக் காலியாக விட்டு மேடையேற்றியவர்கள் உண்டு. எந்தப் படமும் ஒரு தீர்ப்பு. அதில் தவறில்லை, எல்லா இயக்குநரும் செய்வதுதான்.

ஆனால் தீர்ப்பை மறுக்க எதிராளியிடம் ஆதாரம் வேண்டுமே. மூலத்தை வைத்திருக்கும் பிள்ளை, "இங்க அப்படிச் சொல்லலையே" என்று ஓவியரோடு மல்லுக்கட்டலாம். சுருக்கத்தை மட்டும் வைத்திருப்பவள் படத்தை நம்பியாக வேண்டும். ஷைலாக்கை நினைத்துப் பாருங்கள். வளைந்த மூக்கும் பேராசைக் கண்ணுமாக ஒருவர் வரைந்துவிட்டு, தானும் ரத்தமும் சதையுமான மனிதன்தானே என்று அவன் கேட்கும் இடத்தை ஒரு குமிழிக்குள் சுருக்கிவிட்டால், அந்த மாணவிக்கு யூதர் என்றால் அந்த மூக்குதான்.

அதற்காக அந்த ஆசிரியரைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. மூல வசனத்தை அப்படியே தூக்கிக் கொடுத்தால் பாதி வகுப்பு வாயடைத்துப் போகும். அந்தப் பாதியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இரக்கப்பட்டுத்தான் கொடுத்திருப்பார். ஆனால் எங்களுக்காக இரக்கப்பட்ட எல்லாரும் எதையாவது குறைத்துத்தான் கொடுத்தார்கள். படத்தை வைத்துக்கொண்டு வசனத்தையும் கொடுத்திருக்கலாம். ஒரு பக்கமாவது. படம் கைப்பிடித்துக் கூட்டிப்போகும்போது கடினமான வரி அவ்வளவு பயமுறுத்தாது.

நூலகத்திலிருந்து மூலத்தை எடுத்துவந்து கத்திக் காட்சியை மட்டும் இருவரும் படித்தோம். முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு முறை போனைப் பார்த்தாள். முடிந்ததும், புத்தகத்தை மூடிவிட்டு அந்தக் கட்டத்தை நீயே வரை என்றேன். கத்தியை வரையவில்லை. விரல்கள் எதையோ பிடிப்பதுபோல் மடங்கிய ஒரு கையை மட்டும் வரைந்தாள்.

"அப்ப கத்தி இருக்கா, இல்லையா?" என்று கேட்டேன்.

"அவனுக்கே தெரியல, சித்தி."