தீ தீதா?

மலை எரிகிறது!

பகலெல்லாம் பச்சைப் போர்வை போர்த்து நின்ற சரிவு, இருள் கவிந்ததும் செந்நெருப்புச் சரம் சூடிக்கொள்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வளைந்து வளைந்து ஏறும் பேருந்து பர்லியாரில் நிற்கும்போது, பலகணி வழியே எட்டிப் பார்ப்போர், "ஆகா, என்ன அழகு!" என்கின்றனர். சாலையோரத்து முதியவர், "தெய்வக் குற்றம்" என்கிறார். தோட்டத்துக் கணக்கர், "காட்டுக்காரன் வைத்த தீ" என்கிறார். மூவரும் மூன்று விதமாய்ப் பேசினும் ஒன்றில் ஒன்றுபட்டவர்களே. அருகே சென்று பார்த்தவர் அவர்களுள் ஒருவருமில்லை!

பாராமல் பேசியவருள் நானும் ஒருவன். ஒளிப்பானேன்?

வகுப்பில் ஒருநாள் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் காட்டைப் பற்றிச் சொன்னேன். 1988இல் அங்கே ஏறத்தாழ 8 இலட்சம் ஏக்கர் தீயில் சிக்கியது. அழிந்தது காடு என்று உலகம் அழுதது. ஆனால் அங்குள்ள பைன் மரத்தின் கூம்புகள் பல, பிசினால் இறுக மூடியவை. வெப்பம் பட்டால்தான் வாய் திறந்து விதை சிந்துபவை. அடுத்த ஆண்டே சாம்பலில் கன்றுகள் தலைகாட்டின. "ஆகவே, தீ காட்டின் பகைவனன்று, மருத்துவன்!" என்று முழங்கினேன்.

கடைசி வரிசையில் இருளர் குடியிருப்பிலிருந்து வரும் சிறுவன் எழுந்தான். "ஐயா, எங்க ஊருக்கு மேல ஓடையோரம் பெரிய மரமெல்லாம் வெந்துபோச்சுங்க. அது எப்ப வரும்?"

விடை தெரியவில்லை. பழைய ஏட்டை நம்பாதே என்று ஊருக்கு உரைத்த நான், புதிய ஏட்டைப் பாராயணம் செய்திருந்தேன்!

ஞாயிறன்று அவனோடும் அவன் தந்தையோடும் ஏறினேன். ஒரே மலை, ஒரே தீ. ஆனால் இருவேறு தீர்ப்பு! திறந்த சரிவில் கரிய தரையைக் கிழித்துக்கொண்டு புல் துளிர்த்திருந்தது. புல்லின் உயிர் மண்ணுக்குள். மேலே எரிந்தால் அதற்கென்ன? இலையுதிர் காட்டு மரங்களும் தடித்த பட்டையைக் கவசமாய்க் கொண்டு, அடி கருகியும் நின்றன. ஓடைப் பள்ளத்துப் பசுமைமாறா மரங்களோ மெல்லிய தோலின, ஈரத்தை நம்பி வாழ்ந்தவை, தீயை அறியாதவை. அவை பட்டுப்போயிருந்தன. நிழலில்தான் வளரும் அவற்றின் கன்றுகளுக்கு இனி நிழலில்லை. அந்த வெளிச்சத்தில் முதலில் புகுவது உண்ணிச்செடி. இன்னும் மேலே, குளிர்ந்த சோலைகளின் ஓரத்திலானால், வெள்ளையர் கொண்டுவந்து நட்ட சீகை. அதன் விதை ஆண்டுக்கணக்கில் மண்ணில் உறங்கும். சூடு பட்டதும் விழிக்கும்.

மதுரையை எரித்த கண்ணகி, அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுத் தீயோரையே பற்றுமாறு நெருப்பை ஏவினாள் என்கிறது சிலம்பு. காவியத் தீ கட்டளைக்குப் பணியும். காட்டுத் தீக்குக் காற்றும் சரிவும் சருகின் உலர்வுமே கட்டளை. அதற்கு அறமுமில்லை, மறமுமில்லை. தெய்வமாக்கித் தொழவும் வேண்டா, அரக்கனாக்கித் தூற்றவும் வேண்டா.

அப்படியாயின் குற்றம் யாருடையது? நம் மலைகளில் தீ பெரும்பாலும் மனிதன் கையிலிருந்தே பிறக்கிறது. அணைக்காத பீடி, குப்பைக்கு வைத்த கொள்ளி, புல்லுக்காக இட்ட பொறி. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் ஒதுக்குக் காட்டில் தீ மூட்டுவதைக் குற்றமாக்கியது. தேவைதான்! 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் 23 உயிர்கள் கருகியதையும், 2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டுத் தீயின்மேல் வானூர்தி தொங்கும் வாளியால் நீரூற்றியதையும் கண்ட பின் யார் வேண்டாமென்பர்?

ஆனால், தோழர்களே, எல்லாத் தீயையும் ஒரே தீயாக்கும் சட்டம், காட்டைப் பார்த்து எழுதியதாகுமா? காட்டைச் சுட்டுத் தினை விதைத்த குறவரைச் சங்கப் புலவர் பாடினரே, குற்றவாளிகளாகவா பாடினர்? பிலிகிரிரங்கன் மலையின் சோலிகர், ஈரம் முற்றும் வற்றுமுன் சருகைச் சிறு தீயாய் எரித்து வந்தனர். 1974இல் அம்மலை சரணாலயமான பின் அவ்வழக்கம் தடைபட்டது. உண்ணிச்செடி காட்டை மூடியது அதன் பிறகே என்கின்றனர் அவர்கள். அமெரிக்காவிலும் 1935 முதல், தீ கண்டால் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டுமென்று முனைந்தனர். மேலை மாநிலங்களின் உலர்ந்த பைன் காடுகளில் சருகும் புதரும் குவிந்து, பின்வந்த தீ பெருந்தீயாயிற்று. பொறி வைத்தவனைப் பிடிக்கிறோம். விறகு அடுக்கியவனை யார் பிடிப்பது?

காட்டில் பிறந்தவன் சொல்வதெல்லாம் வேதமென்று சொல்ல வரவில்லை. வேதமே வேண்டாமென்பவன் நான்! சிறுவனின் தந்தையே சொன்னார்: ஆட்டுக்குப் புல் வேண்டி ஆண்டுதோறும் கொளுத்திய சரிவில், மரக்கன்று ஒன்றும் தலையெடுக்கவில்லையாம். "ரெண்டு மூணு வருசம் விட்டிருக்கணும். பசிக்கு அது தெரியலைங்க" என்றார். இத்தனை நேர்மையாய்த் தம் தவற்றை உரைத்த எந்த அதிகாரியையும் நான் கண்டதில்லை. ஆயினும், இவ்வாண்டுத் தீக்கு முதலில் அழைத்து விசாரிக்கப்பட்டவர் அவர்தான். சான்று? காட்டருகே குடியிருக்கிறார், அவ்வளவே.

இறங்கும் வழியில் சிறுவன் கேள்வியை விடவில்லை. பறவை விதை கொணர வேண்டும், விதைக்கு நிழல் வேண்டும், நிழலுக்கு முதலில் வேறு மரம் வேண்டும். இடையில் இன்னொரு தீ வரக்கூடாது. வராதிருந்தால் உன் பேரன் காண்பான் என்றேன்.

விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "அதுவரைக்கும் யாருங்க ஐயா காவலு?" என்றான்.

அவன் தந்தை எங்களுக்கு முன்னே விரைந்து நடந்துகொண்டிருந்தார். மறுநாள் காலை அவர் மீண்டும் விசாரணைக்குப் போக வேண்டியிருந்தது.