நாலுக்கு மேல் போனால்

உங்களுக்கு வயது 58 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் பி.எஸ்.ஏ. 4.2 என்று தடித்த எழுத்தில் அச்சாகி, பக்கத்தில் 'நார்மல்: 4 வரை' என்றிருக்கிறது. ப்ராஸ்டேட் கான்சரோ என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. 3.8 வந்த பக்கத்து வீட்டுக்காரர் குறட்டை விடுகிறார். இரண்டு பேரில் யார் ஏமாந்தவர்?

அமெரிக்காவில் ரிப்போர்ட் எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்று ஆயிரக்கணக்கான ஆண்களுக்கு பயாப்ஸி செய்து பார்த்தார்கள். 2005-ல் வெளியான கணக்கு இது. 4-ல் கோடு போட்டால், கான்சர் இருக்கும் 100 பேரில் சுமார் 20 பேர்தான் அகப்படுகிறார்கள். இல்லாத 100 பேரில் 6 பேர் வீணாகப் பயப்படுகிறார்கள். கோட்டை 1.1-க்கு இறக்கினால் 83 பேர் அகப்படுவார்கள்; கூடவே ஒன்றுமில்லாத 61 பேரும்!

இப்படிக் கோட்டை நகர்த்தி நகர்த்திப் புள்ளி வைத்துச் சேர்த்தால் வருவதுதான் ஆர்.ஓ.சி. வளைவு. அதில் 'ஆர்' என்பது ரிசீவர். ஆமாம், ராடார் சமாசாரம். திரையில் தெரியும் பொட்டு விமானமா, வெறும் இரைச்சலா என்ற கவலையில் பிறந்து, பிற்பாடு டாக்டர்களிடம் வந்து சேர்ந்தது. வளைவின் கீழுள்ள பரப்பு 1 என்றால் அப்பழுக்கில்லாத டெஸ்ட்; 0.5 என்றால் காசு சுண்டிப் பார்ப்பதும் அதுவும் ஒன்று. அந்த ஆய்வில் பி.எஸ்.ஏ. வாங்கிய மார்க் 0.68.

சரி, கோட்டை எங்கே போடுவது? வளைவு அதைச் சொல்லாது. விலைப்பட்டியலை நீட்டும், அவ்வளவுதான். வாங்குவது நாம். ராடாரில் பொய் எச்சரிக்கை என்றால் நாலு விமானங்கள் வெறுமனே பறந்துவிட்டுத் திரும்பும். இங்கே ஊசி, ஒருவேளை ஆபரேஷன், அதன் பிறகு சிறுநீர் அடங்காமை, தாம்பத்தியத்தில் சங்கடம். ப்ராஸ்டேட் கான்சரில் பலது ஆளைக் கொல்லாமல் சும்மா கிடக்கும் ரகம் வேறு. தவறவிட்டாலோ, சிலருக்கு எலும்பு வரை பரவிவிடும். ஒரு உயிருக்கு எத்தனை பேரின் நிம்மதி ஈடு? இதற்குக் கணக்கு வாத்தியாரிடம் விடையில்லை. ஆனால் யாரோ உங்களைக் கேட்காமலே விடை சொல்லி, 4 என்று அச்சடித்தும் விட்டார்கள்.

அமெரிக்க நிபுணர் குழுவொன்று 2012-ல் இந்த டெஸ்ட்டே வேண்டாம் என்றது. 2018-ல், 55 முதல் 69 வரை உள்ளவர்கள் டாக்டரிடம் பேசித் தாங்களே முடிவு செய்யட்டும், 70-க்கு மேல் வேண்டாம் என்று மாற்றிக்கொண்டது. நியாயம்தான். ஆனால் டாக்டர் பேச வேண்டுமே. வெளியே 40 டோக்கன் காத்திருக்கும்போது, "சார், எது உங்களுக்கு அதிக பயம், கான்சரா, கத்தியா?" என்று எந்த டாக்டர் கேட்கிறார்?