காத்திருத்தலும் காக்கவைத்தலும்

சென்ற மாசி மாதம் பென்னாகரத்தில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும், கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும் அவன் மகள் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரு சீனத் தொடர் பார்க்க உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பட்டாடை உடுத்த ஓர் இளைஞன். தாழ்வாரத்தில் ஒரு பெண். நடுவே பத்தடி தூரம். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், சொல்லாமலே போய்விட்டான். அன்றைய கதை அவ்வளவுதான்.

"இதில் என்னம்மா இருக்கிறது?" என்று கேட்டேன்.

"இப்பொழுதுதானே பெரியப்பா இருபதாவது பகுதி!" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தொடர்கதை எழுதிக் காலம் தள்ளுகிறவன் இதைக் கேட்டுச் சிரிப்பது நியாயமில்லை. அவள் பார்த்தது 2018-ல் சீனாவில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'மிங்லானின் கதை'. சோங் வம்சத்து அரசர் காலத்தில் நடப்பதாக அமைந்தது. ஓர் அதிகாரியின் வீட்டில் இளையதாரத்துக்குப் பிறந்து, தன் அறிவை மறைத்துக்கொண்டு வாழக் கற்ற பெண்ணின் கதை. 70-க்கு மேற்பட்ட பகுதிகள். ஏறக்குறையப் பாதிக் கதை கடந்த பிறகே திருமணம். அவள் அவனை முழு மனத்தோடு நம்புவது அதற்கும் பின்னால். இப்படி நீளமாக எடுப்பதை அங்குள்ள அரசாங்கமே விரும்பவில்லை போலும். தொடர்கள் 40 பகுதிகளைத் தாண்ட வேண்டாம் என்று 2020-ல் ஒளிபரப்புத் துறை அறிவுறுத்தியது.

நமக்கும் இது புதிதல்ல. தொல்காப்பியர் காலத்து மரபு, ஐந்து நிலத்தில் ஒன்றான முல்லையைக் காத்திருத்தலுக்கே ஒதுக்கி வைத்தது. 1950 முதல் 1954 வரை கல்கி வாரந்தோறும் 'பொன்னியின் செல்வ'னை எழுதியபோது, குந்தவையும் வந்தியத்தேவனும் மனம் திறந்து பேசுவார்களா என்று ஒரு தலைமுறையே இதழ் வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தது.

மெதுவாக வளரும் காதலில் அப்படி என்ன சுவை? பசித்தால் சோறு ருசிக்கும் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. தருமபுரி பஸ் நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்றால் பஸ் இனிப்பதில்லை, எரிச்சல்தான் வருகிறது. வெறும் தாமதத்தில் சுவை கிடையாது.

அந்தச் சிறுமியோடு நாலைந்து இரவுகள் பார்த்த பிறகு எனக்குத் தோன்றியது இது. அரச காலத்துக் கதைகளில் ஆணிடம் எல்லா அதிகாரமும் இருக்கிறது. அவன் குடும்பம் பெரிது, பதவி பெரிது. பெண்ணின் தகப்பனாரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும், அவளைக் கொடுத்துவிடுவார்கள். நாயகன் அப்படிக் கேட்டுப் பெறுவதோடு நிறைவடையாமல், அவள் மனம் தானாகத் திறக்கட்டும் என்று நிற்கிறான். அந்த இடைவேளையில் அவள் எதற்குச் சிரிப்பாள், எதற்கு மௌனமாவாள் என்று கற்றுக்கொள்கிறான். அதிகாரம் உள்ளவன் அதைப் பயன்படுத்தாமல் நிற்கும் அழகைத்தான் நம் பெண்கள் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். நம் சினிமாக் கதாநாயகர்கள் பலர் தெருத் தெருவாகப் பெண்ணைத் துரத்தி, அவள் களைத்துச் சம்மதிக்கும் வரை விடுவதில்லை. அதற்குக் காத்திருத்தல் என்று பெயரில்லை; முற்றுகை என்று பெயர்.

என் கதையையே சொல்கிறேன். நான் பெண் பார்த்தது கால் மணி நேரம். அவள் காப்பித் தட்டோடு வந்தாள். கூச்சத்தில் நான் தட்டைத்தான் பார்த்தேன். வெற்றிலை மாற்றி முடித்துவிட்டார்கள். அவளுக்கு இனிப்பு பிடிக்காது என்று எனக்குத் தெரிய மூன்று வருஷம் ஆயிற்று. அதுவரை ஒவ்வொரு தீபாவளிக்கும் மைசூர்பாகு வாங்கி வந்து பெருமைப்பட்டுக் கொண்டிருந்தேன். அவளும் பேசாமல் தின்றாள். நாங்கள் நன்றாகவே வாழ்கிறோம். ஆனாலும் அந்த மூன்று வருஷத்து மைசூர்பாகை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சுவர் இருந்தால்தானே காதல் மெதுவாக நடக்கும்? குலம், பதவி, குடும்ப கௌரவம் என்ற சுவர்களை எடுத்துவிட்டால் அந்தக் கதையே இல்லை. அப்படியானால் நாம் ரசிப்பது சுவரைத்தானா?

திரையில் சுவர் அழகாக இருக்கிறது. நம் ஜில்லாவில் அது எப்படி இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். வேறு வேறு சாதியைச் சேர்ந்த ஓர் ஆணும் பெண்ணும் மணந்துகொண்டதை ஒட்டி, 2012 நவம்பர் 7-ஆம் தேதி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 200-க்கு மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிந்தன. மறு ஆண்டு ஜூலையில் அந்த வாலிபன் தருமபுரியில் ரயில் பாதை ஓரம் பிணமாகக் கிடந்தான். சாதி மதம் பாராமல் மணப்பவர்களுக்கென்றே இயற்றிய 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டமும் முப்பது நாள் முன்னறிவிப்புக் கேட்கிறது. ஊரார் கண்ணில் படும்படி அறிவிப்பை வைத்துவிட்டு, உயிருக்கு அஞ்சுகிறவர்களை ஒரு மாதம் பொறுக்கச் சொல்கிறது. இந்தப் பொறுமையில் என்ன அழகு இருக்கிறது?

ஆகவே, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எண்ணுகிறேன். காத்திருத்தல் வேறு, காக்கவைத்தல் வேறு. இருவரும் விரும்பி எடுத்துக்கொள்ளும் கால அவகாசம் அன்பை வளர்க்கிறது. மூன்றாம் மனிதர் சுமத்தும் தாமதம் அன்பை ஒடுக்குகிறது. கல்கியின் 'சிவகாமியின் சபத'த்தில் சிவகாமி தானே சபதம் செய்தாள். ஆனால் அவளைச் சிறைப்படுத்தியது பகைவனின் கோட்டை. மாமல்லர் வாதாபியை வென்று அவளை மீட்டபோது அவர் இன்னொருத்தியின் கணவர். கோட்டைக்குள்ளிருந்து செய்யும் சபதம் எவ்வளவு தூரம் ஒருத்தியின் சொந்தச் சபதம்?

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் உண்டு. நான் ஊர் திரும்புவதற்கு முதல் நாள் அந்தப் பெண்ணுக்கு ஒரு வரன் வந்தது. பையனுக்குப் பெங்களூரில் நல்ல உத்தியோகம். புதன்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார்கள். அவளோ, "ஆறு மாதம் பேசிப் பழகிவிட்டுச் சொல்கிறேன்" என்றாள்.

தம்பி கொதித்துப் போனான். "சீனாக்காரன் நாடகம் பார்த்துக் கெட்டுப் போய்விட்டாள் அண்ணா! ஆறு மாதம் பேசிவிட்டு வேண்டாமென்றால் அப்புறம் யார் வருவார்கள்?" என்றான்.

அவன் பயம் பொய்யல்ல. நம் ஊரில் பேசிப் பழகிய பெண்ணுக்கு ஊர் சூட்டும் பெயரை அவனும் அறிவான், நானும் அறிவேன். ஆயினும், "கேட்ட அவகாசத்தைக் கொடு" என்றேன். பிள்ளை வீட்டார் சம்மதிக்கவில்லை. வரன் கைநழுவிப் போயிற்று. தம்பி இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

நான் செய்தது நன்மையா, கேடா என்று சில இரவுகளில் புரண்டு யோசிக்கிறேன். பையன் உத்தமனாகவே இருக்கலாம். இதைப் போனில் அவளிடமே சொன்னேன்.

"இருக்கலாம் பெரியப்பா. ஆறு மாதம் பொறுக்க முடியாது என்று அவர் வீட்டார் சொன்னபோது அவர் ஒன்றும் சொல்லவில்லையே! அதைத்தான் யோசித்தேன்" என்றாள்.

கால் மணி நேரத்தில் பெண் பார்த்து முடித்தவன் அதற்கு என்ன பதில் சொல்வது? "பரீட்சைக்கு நன்றாகப் படி அம்மா" என்று சொல்லிப் போனை வைத்தேன்.