பற்று வரவு

புருஷன் பெண்டாட்டிக்குள் கணக்குக் கூடாது என்பது எங்கள் அவலூர்பேட்டைப் பக்கத்தில் இன்னமும் மரியாதையோடு சொல்லப்படும் வார்த்தை. கணக்கு நுழைந்தால் அன்பு போய்விடும் என்ற பயம் அதில் இருக்கிறது. அந்தப் பயம் பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்கே இல்லாத கல்யாணத்தை நான் பார்த்ததும் இல்லை. பெண்ணுக்குப் போட்ட நகை சவரன் சவரனாக ஞாபகத்தில் நிற்கிறது. நூற்றியொரு ரூபாய் மொய்கூட ஊர்ப்பெயரோடு நோட்டில் ஏறுகிறது. ஏறாதது ஒன்றுதான்: மறுநாள் விடிந்ததும் தொடங்கும் மனைவியின் வேலை.

மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் அடுத்தவர் கொல்லைக்குப் போகிற பெண்ணுக்குக் கூலி உண்டு. அதே கை சொந்தக் கொல்லையில் பிடுங்கினால் இல்லை. மூட்டை விற்ற பணம் பட்டா யார் பெயரிலோ அவர் கைக்குப் போகிறது; அது பெரும்பாலும் புருஷன் கை. அவளுக்கும் கூலி கொடுத்துவிடலாமே என்றால், அவன் எஜமானனாகவே நீடிப்பான். கேள்வி கூலி பற்றியதல்ல, பங்கு பற்றியது.

2023 ஜூன் 21ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பு இந்த இடத்தைத் தொட்டது. கணவர் சவூதி அரேபியாவில் ஆண்டுக்கணக்கில் சம்பாதித்து அனுப்பினார். மனைவி இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்தவர், வாங்கிய சொத்தெல்லாம் தன்னுடையது என்று வழக்குப் போட்டார். வழக்கு முடியுமுன் இறந்தும் போனார். வீட்டிலிருந்தவரின் உழைப்பும் சேர்ந்ததுதான் அந்தச் சம்பாத்தியம், ஆகவே அதில் வாங்கிய சொத்தில் அவருக்குச் சம பங்கு என்றது தீர்ப்பு. இதை அங்கீகரிக்கச் சட்டம் இல்லை. தடுக்கவும் சட்டம் இல்லை என்ற துணிவு அதில் இருந்தது.

எனக்கு ஒரு நெருடல். நிர்வாகி, சமையல்காரர், வைத்தியர், பொருளாதார நிபுணர் என்று சந்தையில் விலையுள்ள வேஷங்களைப் போட்டுப் பார்த்த பிறகே அந்தத் தீர்ப்பில் மனைவி கண்ணுக்குத் தெரிகிறாள். நீதிபதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கைவசம் இருந்த பாஷை அதுதான்.

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டது. தமிழ்நாட்டில் இந்துக் குடும்பத்து மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வர 1989 ஆயிற்று. அப்போதும், சட்டம் வருமுன்பே கல்யாணமானவளுக்குக் கிடையாது. கல்யாணம் ஒரு தகுதியிழப்பு! 2005இல் மத்திய அரசின் திருத்தம் வந்துதான் அது நீங்கிற்று. இப்போது பிறந்த வீட்டில் பிறந்ததற்கே பங்கு. புகுந்த வீட்டிலோ, உழைத்தும், உறவு முறிந்து வழக்கான பிறகே பங்கு என்ற பேச்சு எழுகிறது. சேர்ந்து வாழும் நாட்களில் அந்த உரிமை எங்கே இருக்கிறது?

2023 செப்டம்பரில் அரசு மாதம் ஆயிரம் ரூபாய் தரத் தொடங்கியபோது உதவித்தொகை என்னாமல் உரிமைத்தொகை என்று பெயர் வைத்தது. எந்த உள்நோக்கத்தோடு வைத்திருந்தாலும் சரி, எனக்கு அந்தச் சொல் முக்கியம். அதை உரிமையென்று வாங்கி வருகிற பெண், மல்லாட்டைப் பணத்தில் ஐந்நூறு கேட்டால் ‘எதுக்கு’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.