வாக்கும் கருவூலமும்: ஓய்வூதியம் பற்றிய ஓர் அறவிசாரணை

அரசு ஊழியரின் ஓய்வூதியம் பற்றிய வழக்கு இந்தியாவில் கால் நூற்றாண்டாக வரவு செலவுக் கணக்கின் மொழியிலேயே பேசப்பட்டு வந்தாலும், அதன் அடியில் கிடப்பது அறநூல்கள் நெடுங்காலம் விசாரித்துவந்த ஒரு கேள்வியே ஆகும். தான் இன்று பெறும் உழைப்பின் விலையில் ஒரு பகுதியை முப்பது ஆண்டுகள் கழித்துத் தருவதாக ஓர் அரசு வாக்களிக்கும்போது, அதைக் காப்பாற்றப் பணம் தர வேண்டியவர்களுள் பலர் இன்னும் பிறக்கவே இல்லை. அப்படியானால் அந்த வாக்கு யாரைக் கட்டும், எதுவரை கட்டும்? பணி ஓய்வு பெற்றோர் விரும்பிக் குடியேறும் ஊர் என்று பெயர்பெற்ற மைசூரில், ஆண்டுதோறும் நவம்பரில் தாம் உயிரோடிருப்பதற்கான வாழ்நாள் சான்றிதழைக் கொடுக்க வங்கிக் கிளைகளுக்கு வரும் முதியவர்களுக்கு இந்தக் கேள்வி தத்துவமாகத் தோன்றாது. எனினும் அதைத் தத்துவமாக விசாரிப்பதற்கு வேண்டிய மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்று உலகின் பார்வைக்கு வந்தது அதே நகரத்தில்தான்.

மைசூர் அரசின் கீழ்த்திசை நூலகத்தில் பணியாற்றிய ஆர். சாமசாஸ்திரி, தஞ்சை வட்டாரத்துப் பண்டிதர் ஒருவர் கொடுத்த கிரந்த எழுத்து ஓலைச்சுவடியிலிருந்து கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தை 1905இல் அடையாளம் கண்டு, 1909இல் மூலத்தை அச்சேற்றினார். அந்நூலின் ஐந்தாம் பகுதியிலுள்ள ஓர் அத்தியாயம் முழுவதும் அரசுப் பணியாளரின் ஊதியத்தைப் பற்றியது. தலைமை அமைச்சருக்கும் படைத்தலைவருக்கும் நாற்பத்தெட்டாயிரம் பணம், கடைநிலை ஏவலாளருக்கு அறுபது பணம் என்று அது வகுத்துச் செல்லும் பட்டியலை வரலாற்றாசிரியர்கள் பலர் ஆராய்ந்துள்ளனர். ஆனால் ஓய்வூதிய விவாதத்துக்கு அப்பட்டியலைக் காட்டிலும், அதன் முன்னும் பின்னும் நிற்கும் மூன்று விதிகளே முக்கியமானவை. முதலாவது, பணியாளருக்கான செலவு மொத்த வருவாயில் நான்கில் ஒரு பங்கு என்ற அளவில் நிலைநிறுத்தப்பட வேண்டும் என்பது. இரண்டாவது, பணியில் இருக்கும்போது இறந்தவரின் மனைவி மக்களுக்கு அவர் பெற்ற உணவும் ஊதியமும் உரியன என்பதும், அவர் வீட்டுச் சிறுவரையும் முதியோரையும் நோயுற்றோரையும் அரசன் ஆதரிக்க வேண்டும் என்பதும். மூன்றாவது, கருவூலம் மெலிந்திருக்குமானால் அரசன் பணத்தைக் குறைத்து, காட்டுப் பொருளாகவோ கால்நடையாகவோ வயலாகவோ ஊதியத்தைத் தரலாம் என்பது.

ஒரே அத்தியாயத்தில் வரம்பும் கடமையும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது தற்செயலாக இருக்க முடியாது. கருவூலத்தின் வரம்பை மட்டும் எடுத்துக்கொள்பவர் கடமையைத் தட்டிக் கழிக்கிறார். கடமையை மட்டும் எடுத்துக்கொள்பவர், அந்தக் கருவூலத்தை நிரப்பும் குடிகளை மறந்துவிடுகிறார். மூன்றாம் விதி இவ்விரண்டையும் இணைப்பது: பற்றாக்குறை வந்தால் கொடுக்கும் வடிவம் மாறலாம், கொடுக்க வேண்டிய கடமை மாறாது என்பதே அதன் உட்பொருள். காலம் குறித்து ஆய்வாளரிடையே பெரிதும் கருத்து வேறுபாடுள்ள சுக்கிரநீதி இன்னும் ஒரு படி மேலே சென்று, நாற்பது ஆண்டுகள் பணிசெய்தவருக்குப் பணிசெய்யாமலே பாதி ஊதியம் வாழ்நாள் முழுவதும் உரியது என்கிறது. அரசின் செங்கோலையும் வரியையும் ஒருசேர எண்ணிய வள்ளுவரோ, ஆட்சியின் வேலையை ஈட்டுதலோடும் காத்தலோடும் நிறுத்தாமல், ஈட்டியதை முறையாகப் பகுத்தளிப்பதையும் அதன் திறமாகவே கொண்டார்.

பிரித்தானிய ஆட்சி கொண்டுவந்த ஓய்வூதியம் வேறொரு மனநிலையில் பிறந்தது. 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், அரசு தரும் அத்தொகை குறித்து உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பதைத் தடுத்தது. கொடுப்பவர் மனம் வைத்துக் கொடுப்பது, ஆகவே பெறுபவர் கேள்வி கேட்க இடமில்லை என்பது அச்சட்டத்தின் பார்வை. மைசூர் சமஸ்தானம் இதற்கு இணையாக வேறொரு வழியையும் முயன்று பார்த்தது. 1891இல், கே. சேஷாத்ரி ஐயர் திவானாக இருந்த காலத்தில், அரசு ஊழியருக்கென ஆயுள் காப்பீட்டு ஏற்பாடு ஒன்று அங்கே தொடங்கப்பட்டது. இன்றும் அது கர்நாடக அரசின் காப்பீட்டுத் துறையாக இயங்கிவருகிறது. ஊழியர் மாதந்தோறும் சந்தா செலுத்த, அதற்கு அரசு பொறுப்பேற்கும் இந்த அமைப்பில், அருளும் இல்லை, தனிமனிதச் சேமிப்பின் தனிமையும் இல்லை. பலரின் பணம் ஒன்றுசேர்ந்து, முன்னதாக இறந்தவரின் குடும்பத்தைத் தாங்குகிறது. ஓய்வூதிய விவாதத்தில் இம்முன்மாதிரி போதிய கவனம் பெறாதது வருந்தத்தக்கது.

விடுதலை பெற்ற இந்தியாவில் அருள் என்ற கருத்தை உடைத்தது உச்ச நீதிமன்றம். 1979 மார்ச் 31 அன்றோ அதற்குப் பின்னரோ ஓய்வு பெற்றவருக்கே திருத்திய ஓய்வூதியக் கணக்கீடு பொருந்தும் என்று மத்திய அரசு வரைந்த கோட்டை எதிர்த்து டி.எஸ். நகரா முதலியோர் தொடுத்த வழக்கில், 1982 டிசம்பர் 17 அன்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. நீதிபதி டி.ஏ. தேசாய் எழுதிய அத்தீர்ப்பின் சாரம் வருமாறு: ஓய்வூதியம் முதலாளியின் மனப்போக்கைப் பொறுத்த கொடை ஆகாது; அது முன்பே செய்து முடிக்கப்பட்ட பணிக்கான, தள்ளிவைக்கப்பட்ட ஊதியம். ஓய்வு பெற்ற தேதி ஒன்றையே காரணமாக்கி ஒரே வகையினரை இரண்டாகப் பிரிப்பது சமத்துவத்துக்கு மாறானது. அந்நாளை ஓய்வூதியர் நாளாக இன்றும் கொண்டாடுகின்றனர்.

அரசு கொடுத்த வாக்கு எதுவாயினும் மீறப்படக் கூடாது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. அதற்கு மைசூரே சான்று. சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தபோது மைசூர் மன்னருக்கு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய் மன்னர் மானியம் உறுதியளிக்கப்பட்டது. அரசியல் சாசனத்தின் 291ஆம் பிரிவே அதற்குக் காப்பாக நின்றது. 1971இன் இறுதியில் 26ஆம் திருத்தம் அந்த உறுதியை நீக்கியபோது, அரசு வாக்குத் தவறியதாகச் சிலர் குற்றம் சாட்டினர். ஆயினும் மன்னர் மானியம், ஓய்வூதியம் என்ற இரண்டு வாக்குகளும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. முன்னது பிறப்பினால் வந்த ஒரு நிலையைக் கைவிட்டதற்கான ஈடு. பின்னது வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஏற்கெனவே கொடுத்து முடிக்கப்பட்டு, மீட்டுக்கொள்ள முடியாத உழைப்புக்கான ஈடு. மானியத்தை நிறுத்திய அரசு ஒரு சலுகையை முடித்துவைத்தது. உழைத்தவரின் முதுமைக்குரிய பங்கைக் குறைக்கும் அரசோ பெற்ற பொருளுக்கு விலை கொடுக்காமல் விடுகிறது.

இப்பின்னணியில்தான் இன்றைய சிக்கலைப் பார்க்க வேண்டும். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் ஊழியர் எதுவும் செலுத்துவதில்லை. கடைசி அடிப்படை ஊதியத்தின் பாதியும் அதன்மேல் அகவிலைப்படியும், அதாவது விலைவாசிக்கு ஏற்ப உயரும் படியும், அந்தந்த ஆண்டின் வரி வருவாயிலிருந்து வழங்கப்படும். மத்திய அரசுப் பணியில் 2004 ஜனவரி 1 முதலும், தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதலும், கர்நாடகத்தில் 2006 ஏப்ரல் முதலும் சேர்ந்தவர்களுக்கு இது இல்லை. கர்நாடகத்தில் நடைமுறைக்கு வந்த தேசிய ஓய்வூதியத் திட்டத்தின்படி, ஊழியரின் ஊதியத்தில் பத்து விழுக்காடும் அரசின் பங்கும் சேர்ந்து அவர் பெயரிலுள்ள கணக்கில் முதலீடாகின்றன. ஓய்வுக்குப் பின் எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சந்தை தீர்மானிக்கிறது. கோடு வரையப்பட்ட முறையால் கர்நாடகத்தில் விளைந்த அநீதியைக் கூர்ந்து பார்ப்பது பயன் தரும். 2006 ஏப்ரலுக்கு முன்பே வெளியான அறிவிப்பின்படி விண்ணப்பித்துத் தேர்வானவர்களுள், ஆணை கையில் கிடைத்துப் பணியில் சேர்வதற்குள் அத்தேதி கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் பலர் புதிய திட்டத்துக்குள் தள்ளப்பட்டனர். ஒரே அறிவிப்பு, ஒரே பணி. ஆனால் கோப்பு நகர்ந்த வேகத்தைப் பொறுத்து முதுமை இரண்டாகப் பிரிந்தது. ஏறத்தாழ 13,000 பேரைப் பழைய திட்டத்துக்குக் கொண்டுவரும் முடிவை, மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்த சித்தராமையாவின் அரசு 2024 ஜனவரியில் எடுத்தது. நகரா தீர்ப்பின் தர்க்கம் இங்கே காலந்தாழ்ந்தேனும் எட்டிப் பார்த்தது எனலாம்.

வரி செலுத்துவோரின் பெயரால் எழுப்பப்படும் மறுப்பு எளிதில் ஒதுக்கிவிடக் கூடியதன்று. ராஜஸ்தானும் சத்தீஸ்கரும் பஞ்சாபும் இமாசலப் பிரதேசமும் பழைய திட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்த பின்னர், ரிசர்வ் வங்கியின் மாத இதழில் 2023 செப்டம்பரில் வெளியான ஓர் ஆய்வு, எல்லா மாநிலங்களும் அவ்வாறு திரும்பினால் நீண்டகால நிதிச்சுமை புதிய திட்டத்தைப் போல் 4.5 மடங்கு வரை போகலாம் என்று மதிப்பிட்டது. அமெரிக்காவின் தாமஸ் ஜெபர்சன் 1789இல் மாடிசனுக்கு எழுதிய கடிதமொன்றில், பூமியின் பயன் வாழ்பவருக்கே உரியது, ஆகவே ஒரு தலைமுறை தன் கடனால் அடுத்த தலைமுறையைக் கட்டுவது முறையாகாது என்று வாதிட்டார். அதை அப்படியே ஏற்றால் அணையும் கட்ட முடியாது, பள்ளியும் நடத்த முடியாது. ஏனெனில் கிருஷ்ணராஜ சாகர் அணையின் நீரை இன்று பயன்படுத்துபவர் எவரும் அதைக் கட்டிய காலத்தில் வரி செலுத்தியவர் அல்லர், முன்னோரின் கொடையைப் பெறுபவர் முன்னோரின் பொறுப்பிலும் பங்கேற்பதே நேர்மை. என்றாலும் ஜெபர்சனின் கவலையில் அசைக்க முடியாத ஓர் உண்மை உண்டு. இன்றைய ஆசிரியரின் பாடத்தால் இன்றைய மாணவர் பயன்பெறும்போது, அந்தப் பாடத்தின் முழு விலையையும் இன்றைய அரசே ஒதுக்கிவைக்க வேண்டும். ஒதுக்காமல் வாக்கை மட்டும் கொடுக்கும் ஆட்சியாளர், தம் தேர்தல் காலத்துக்குள் நன்றியைப் பெற்றுக்கொண்டு, விலையைப் பிறர் தலையில் ஏற்றுகிறார். அந்தக் குற்றம் ஆட்சியாளருடையது. ஆனால் தண்டனை ஊழியரைச் சேர்கிறது. 2013இல் நொடித்துப்போன டெட்ராய்ட் நகரத்தில், நீதிமன்றம் ஏற்ற தீர்வுத் திட்டத்தின்படி, நகராட்சியின் ஓய்வுபெற்ற பொதுப் பணியாளர் தம் மாத ஓய்வூதியத்தில் 4.5 விழுக்காட்டையும் விலைவாசிப் படியையும் இழந்தனர்.

ஆகவே முன்கூட்டி நிதி ஒதுக்குவது என்ற அளவில் தேசிய ஓய்வூதியத் திட்டம் அறத்தின் பக்கம் நிற்கிறது. பழைய திட்டத்தைக் கோருவோர் இதை மனமார ஒப்புக்கொள்ள வேண்டும். அது பிழைபடுவது வேறோர் இடத்தில்: நீண்ட நாள் வாழ்ந்துவிடும் அபாயத்தையும், ஓய்வு பெறும் ஆண்டில் சந்தை சரியும் அபாயத்தையும் அது தனியொரு கிராம நிர்வாக அலுவலரின் தோளில், தனியொரு செவிலியரின் தோளில் வைக்கிறது. அபாயத்தை யார் தாங்க வேண்டும் என்பதற்கு அறவியலில் ஓரளவு தெளிவான விடை உண்டு: அதைப் பலரிடையே பரப்பித் தாங்க வல்லவரே தாங்க வேண்டும், அந்த வன்மை அரசுக்கே உண்டு. மத்திய அரசு 2025 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம், 25 ஆண்டுகள் பணிசெய்தவருக்குக் கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரி அடிப்படை ஊதியத்தின் பாதியை உறுதிசெய்து, அதற்காக அரசின் பங்கை 18.5 விழுக்காடாக உயர்த்தியது. ஒதுக்கீட்டையும் உறுதியையும் ஒன்றாகக் கொண்டுவர முயன்ற வகையில் இது சரியான திசை.

இனி, கேட்கும் முறை பற்றிய கேள்வி. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தொழிலாளரின் நண்பராகவே அறியப்பட்டவர். அவரே 1937இல், முழு மக்களும் முதலாளியாக இருக்கும் அரசுப் பணியில் தனியார் தொழிலின் பேர முறையை அப்படியே நடுவது பொருந்தாது என்று எழுதினார். தமிழ்நாட்டில் 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ ஒரு லட்சத்து எழுபதாயிரம் ஊழியர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டதும், அதையொட்டிய வழக்கில் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் தார்மிக உரிமைகூட இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியதும் இக்கருத்தின் கடுமையான வடிவங்கள். சட்டத்தைச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. தார்மிகத்தைப் பற்றிய அதன் கூற்றோ விவாதத்துக்கு உரியது. பேசி முடிக்க வழியின்றி நிற்பவரிடம், உழைப்பை நிறுத்தும் கடைசி வழியையும் பறித்துவிட்டால், எஞ்சுவது மன்றாட்டு மட்டுமே. மன்றாட்டோ 1871இன் அருள் உலகத்துக்கே மீண்டும் இட்டுச்செல்லும். கர்நாடக மாநில அரசு ஊழியர் சங்கம் 2023 மார்ச் 1 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, அன்றே அரசு 17 விழுக்காடு இடைக்கால நிவாரணத்துக்கு ஆணையிட, ஊழியர் அன்றே வேலைக்குத் திரும்பினர். தேர்தல் நெருங்கிய காலத்தில் ஒரு பெரிய சங்கத்துக்கு இருக்கும் வலிமை அது.

வலிமை உள்ளவரின் அறம் எது என்பதற்குக் கர்நாடகத்தின் சமய மரபிலேயே ஓர் அளவுகோல் கிடைக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சரணர் இயக்கம், உழைப்பையே வழிபாடாகக் கொள்ளும் காயகத்தையும், உழைப்பின் பயனைச் சமூகத்தோடு பகிரும் தாசோகத்தையும் பிரிக்க முடியாத இரட்டையாகக் கண்டது. சிந்திய அரிசியைப் பொறுக்கிப் பிழைத்த ஆய்தக்கி மாரய்யா ஒருநாள் வழக்கத்தைவிட மிகுதியாகக் கொண்டுவந்தபோது, அவர் மனைவி லக்கம்மா தேவைக்கு மேற்பட்டதைத் திரும்பக் கொண்டுபோய்ப் போடச் சொன்னார் என்பது அம்மரபு போற்றும் நிகழ்ச்சி. இதை ஓய்வூதியத்துக்கு எதிரான பாடமாக எடுத்துக்கொள்வது தவறு. நாளை உணவு உண்டு என்ற நம்பிக்கையைச் சமூகம் அளித்த இடத்தில்தான் லக்கம்மாவால் அப்படிச் சொல்ல முடிந்தது. தன் பங்கு சேர்ந்த பின் பிறர் பங்கு சேர்ந்ததா என்று பார்ப்பதே அந்நிகழ்ச்சியின் கோரிக்கை.

அந்தக் கண்ணோடு பார்த்தால் விவாதத்தில் இரு தரப்பும் காணத் தவறியவர்கள் தெரிவர். தெருக்களைத் துப்புரவு செய்யும் பௌரகார்மிகர் பல்லாண்டுகள் ஒப்பந்தத்தின் கீழும் நேரடித் தினக்கூலியாகவும் உழைத்து, 2022இல் போராடிய பிறகே சுமார் 11,000 பேரைப் பணிவரன்முறை செய்யும் முடிவைக் கர்நாடக அரசு எடுத்தது. தனியார் ஆலையில் உழைத்தவருக்கு 2014இல் வைக்கப்பட்ட குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரையுள்ள ஏழை முதியவருக்கு மத்திய அரசு தரும் பங்கு 2007 முதல் 200 ரூபாயிலேயே நிற்க, அதன்மேல் மாநிலங்கள் சேர்ப்பதைக் கொண்டே அவர்கள் காலம் தள்ளுகின்றனர். சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இவர்களின் முதுமை முதலிடம் பெறுவதில்லை. வரி செலுத்துவோரின் பெயரால் பேசுவோரும் இவர்களை வரி செலுத்துவோராக எண்ணுவதில்லை. ஆனால் சோப்புக்கும் செருப்புக்கும் கைப்பேசிக்கும் மறைமுக வரி கொடுக்காமல் எந்தத் துப்புரவுப் பணியாளரும் ஒரு மாதத்தைக் கடப்பதில்லை. பிறருடைய ஓய்வூதியத்துக்கு அவர் முப்பது ஆண்டுகளாகப் பங்கு செலுத்தி வந்திருக்கிறார். அந்தக் கருவூலத்தின்மேல் அவருக்குள்ள உரிமை உழைத்தவர் என்ற வகையிலும் உண்டு, அதை நிரப்பியவர் என்ற வகையிலும் உண்டு.