கணு இல்லாத மரம்

மேசை, நாற்காலி விற்பவர்களின் விவரணைகளில் 'இயற்கை மரம்' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். மரம் என்றாலே இயற்கைதானே? 'இயற்கைத் தண்ணீர்' என்று யாரும் சொல்வதில்லை. ஒரு பெயருக்கு முன்னால் இப்படி ஓர் அடைமொழி தேவைப்படுகிறது என்றால், அது எதையோ வெளியே நிறுத்துகிறது என்று பொருள். இங்கே வெளியே நிற்பது எது?

நான் சில ஆண்டுகளாக ஸ்வீடனில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். 'ஸ்காண்டிநேவிய பாணி' என்று உலகம் முழுக்க விற்கப்படும் வரவேற்பறை இங்கே நிஜமாகவே புழக்கத்தில் இருக்கிறது. வெள்ளைச் சுவர், வெளிறிய மரத்தரை, பிர்ச்சிலோ ஓக்கிலோ செய்த மெல்லிய கால்களுடைய மேசை, ஒரு கம்பளி விரிப்பு, தாழத் தொங்கும் ஒரு விளக்கு. அலங்காரம் என்று தனியாக எதுவும் கிடையாது. மரத்தின் ரேகைதான் அலங்காரம். பார்த்ததும் மனதில் படுவது ஒன்றுதான்: இந்த அறை எதையும் மறைக்கவில்லை. அழகைவிட இந்த நேர்மைதான் இந்தப் பாணியின் பெரிய கவர்ச்சி என்று நினைக்கிறேன். வீடு அழகாக இருந்தால் சந்தோஷம். நேர்மையாகவும் இருந்துவிட்டால் நாமே நல்லவர்கள் ஆகிவிட்டதுபோல ஒரு நிறைவு.

அந்த நேர்மையைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம்.

வெளிறிய மரத்துக்கு முதல் காரணம் வெளிச்சம். டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பகல் சுமார் 6 மணி நேரம்தான். மதியம் 3 மணிக்குள் சூரியன் போய்விடும். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தை விழுங்காமல் திருப்பித் தருகிற தரையும் சுவரும் இங்கே ஒரு தேவை. அதில் பாசாங்கு எதுவும் இல்லை. ஆனால் மரம் தானாக வெளிறியே இருந்துவிடாது. மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் வெயில் பட்டால் மாறும். அறுத்த புதிதில் வெண்மையாக இருக்கும் பைன் பலகை சில ஆண்டுகளில் மஞ்சளாகி, பிறகு தேன் நிறத்துக்கு வந்துவிடும். மரத்தை அதன் போக்கில் விட்டால் நடப்பது இதுதான். அதைத் தடுக்கப் பலகைக்குக் காரநீர் பூசி, அதன்மேல் சோப்புக் கரைசலோ வெள்ளை நிறமி கலந்த எண்ணெயோ தேய்க்கிறார்கள். டென்மார்க்கில் மரத்துக்கென்றே சோப்புச் சீவல் கடைகளில் கிடைக்கும். ஒருமுறை தேய்த்துவிட்டு மறந்துவிடவும் முடியாது, திரும்பத் திரும்பத் தேய்க்க வேண்டும். 'எதுவும் பூசாதது போல' இருப்பதற்குத்தான் இவ்வளவு பூச்சும்.

இதற்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. பண்ணை வீடுகளில் பூச்சில்லாத பலகைத் தரையை மணல் போட்டுத் தேய்த்து வெளுக்க வைத்தார்கள். மண்டியிட்டுத் தேய்த்தது பெரும்பாலும் பெண்கள். அதே வீடுகளில் அலமாரிக்கும் பெட்டிக்கும் அடர்ந்த வண்ணம் அடித்துப் பூக்கள் வரைந்திருப்பார்கள். ஸ்வீடிஷ் வீடு என்றதும் எல்லோரும் சொல்லும் ஓவியர் கார்ல் லார்சன், சுண்ட்போர்னில் இருந்த தன் வீட்டை வரைந்து 1899இல் ஒரு புத்தகமாக்கினார். கரின் லார்சனும் அவரும் சேர்ந்து உருவாக்கிய அந்த வீட்டில் சிவப்பும் பச்சையும் கொட்டிக் கிடக்கும். ஆக, வெறும் வெளிர்மரம் மட்டும் நிற்கும் அறை ஏதோ ஆதிகால வழக்கம் அல்ல. 20ஆம் நூற்றாண்டு எடுத்த ஒரு முடிவு அது.

"டேய், ஒரு டேபிள் வாங்குறதுக்கு இவ்ளோ ஆராய்ச்சியா? பளிச்சுனு இருக்கணும்னு சோப்புப் போடுறான், இதுல என்ன பொய் இருக்கு?" என்று இங்குள்ள நண்பன் ஒருவன் கேட்டான். நியாயம்தான். முகம் கழுவிக்கொண்டு வெளியே கிளம்புவதைப் பொய் என்று சொல்ல முடியாது. பராமரிப்பில் பொய் இல்லை.

அப்படியென்றால் பொய் பொருளில் இருக்கிறதா? கட்டடக்கலையில் 'பொருளின் நேர்மை' என்று ஓர் அறம் ரொம்ப நாளாகப் பேசப்படுகிறது. கல் கல்லாகவும் இரும்பு இரும்பாகவும் தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் கணக்கில் முழுமரம் உண்மை. பார்ட்டிகிள் போர்டின்மேல் வெனீர் ஒட்டியது பொய். இதை நான் ஏற்பதில்லை. வெனீர் தாளின் தடிமன் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். ஓர் அங்குலப் பலகைக்கு ஆகும் மரத்தில் இப்படி நாற்பது தாள் சீவலாம். உள்ளே இருக்கும் தூளும் சீவலும் மர அறுவையில் மிஞ்சியவை. ஒரு நல்ல மரம் ஒரே மேசையாகி ஒரு பணக்காரர் வீட்டில் நிற்பது மேலா, பல வீடுகளுக்குப் பிரிந்து போவது மேலா? லார்சனின் புத்தகம் வந்த அதே 1899இல் எல்லென் கேய் 'எல்லோருக்கும் அழகு' என்று பொருள்படும் தலைப்பில் எழுதினார். ஏழை வீட்டுக்கும் அழகு வேண்டும் என்ற அந்த ஆசையை முழுமரத்தால் மட்டும் நிறைவேற்ற முடியாது. 1979இல் வந்த ஐக்கியாவின் பில்லி அலமாரி பார்ட்டிகிள் போர்டுதான். எத்தனையோ மாணவர்களின் முதல் புத்தக அலமாரி அது.

இந்தப் பாணியின் ஆசானாகக் கொண்டாடப்படும் அல்வர் ஆல்ட்டோவையே பார்ப்போம். ஃபின்லாந்துக்காரர், கறாராகச் சொன்னால் ஸ்காண்டிநேவியரே இல்லை. பைமியோ காசநோய் மருத்துவமனைக்கு அவர் செய்த நாற்காலி வளைத்த பிளைவுட். அப்போது ஐரோப்பாவில் எஃகுக் குழாய் நாற்காலிதான் நாகரிகம். எஃகு உடம்பில் பட்டால் சில்லென்று இருக்கும் என்று அவர் மரத்துக்கு வந்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே அறையில் இருக்கும் எஃகும் மரமும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். எஃகு நம் கைச்சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கிறது, மரம் இழுப்பதில்லை. 'மரத்தின் கதகதப்பு' என்று நாம் சொல்வது நம்மிடமே விட்டுவைக்கப்பட்ட நம் சூடு. 1933இல் அவர் செய்த முக்காலி, 'ஸ்டூல் 60', இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதன் கால் முழு பிர்ச் கட்டைதான். ஆனால் மேல்முனையில் வரிவரியாக அறுத்து, இடையில் மெல்லிய தாள்களைப் பசையோடு செருகி, செங்கோணமாக வளைத்தது. உற்றுப் பார்த்தால் அந்த வரிகள் தெரியும். பசை இருக்கிறது, வெனீர் இருக்கிறது, பொய் இல்லை.

பூச்சிலும் பொய் இல்லை, ஒட்டிலும் இல்லை. வேறெங்கே? எனக்கு விடை கிடைத்தது அதே முக்காலியில்தான். 2023இல், அதன் 90ஆம் ஆண்டில், அதைச் செய்யும் ஆர்டெக் நிறுவனம் ஃபார்மாஃபான்டாஸ்மா என்ற வடிவமைப்புக் குழுவோடு சேர்ந்து தன் மரத்தேர்வு விதிகளை மாற்றியது. அதுவரை ஒதுக்கப்பட்ட மரத்தை, அதாவது கணு உள்ளதை, பட்டைக்கடியில் பூச்சி போன தடம் உள்ளதை, நடுப்பகுதி கருத்ததை, இனி சேர்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். அந்த வகைக்கு வைத்த பெயர் 'வில்லி'. ஃபின்னிஷ் மொழியில் 'காட்டுத்தனமானது' என்று பொருள். தமிழ்க் காதுக்கு வேறு மாதிரி கேட்கும், அதுவும் பொருத்தம்தான். இத்தனை வருடம் அவள்தானே கதையிலிருந்து துரத்தப்பட்டவள்.

இந்தச் செய்தியைத் திருப்பிப் போட்டுப் படித்தால் கட்டுரைக்கான விடை கிடைத்துவிடும். காட்டில் வளர்ந்த தடயம் இருந்தால் அந்தப் பலகை 'இயற்கை மர' அறைக்குள் வர முடியாது என்பதுதான் அதுவரை விதி. கணு என்பது என்ன? ஒரு கிளை தண்டோடு சேர்ந்த இடம். கிளையே இல்லாமல் வளர்ந்த மரம் கிடையாது. அந்த அறையில் இருக்கும் ஒவ்வொரு பலகையும் உண்மை, ஒவ்வொன்றும் நிஜமாகவே பிர்ச். ஆனால் எல்லாப் பலகைகளும் சேர்ந்து 'மரம் என்றால் இப்படித்தான் இருக்கும்' என்று சொல்கின்றனவே, அது உண்மையில்லை. பொய்யே சொல்லாத சாட்சிகளை மட்டும் பொறுக்கி நிறுத்திப் பொய்த் தீர்ப்பு வாங்குவது போன்றது இது.

இதற்கு நேரெதிர்க் காட்சி லேமினேட் தரையில் கிடைக்கும். அது மரப்படம் அச்சிட்ட தாள். அதில் அக்கறையாகக் கணுக்களை அச்சிடுவார்கள், அப்போதுதான் நிஜம்போல இருக்குமாம். நிஜ மரத்தில் கணுவை விலக்குகிறோம். போலி மரத்தில் கிளையே இல்லாத கணுவை வரைகிறோம். மரம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாமல் இல்லை.

நம் மொழி இதில் வேறு பக்கம் நிற்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே வயிரம் உடையதை மரம் என்றும் வெளியே வயிரம் உடையதைப் புல் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல். இன்றும் நம் ஆசாரிகள் மரத்தைப் பாராட்ட 'வைரம் பாய்ந்தது' என்பார்கள். நடுவில் இருண்டு இறுகிய பகுதிக்குத்தான் மதிப்பு, வெளுத்த ஓரத்தைச் செதுக்கித் தள்ளிவிடுவார்கள். பிர்ச்சின் நடுக்கருமை தேக்கின் வைரம்போல உறுதியின் அடையாளம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் இதில் 'நாமே சரி' என்று மார்தட்ட எதுவும் இல்லை, நமக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. எந்த ஊரிலும் 'நல்ல மரம்' என்பது அந்த ஊர்க் கண்ணின் முடிவு. அந்த முடிவுக்கு 'இயற்கை' என்று பெயர் வைக்கும்போதுதான் அது முடிவு என்பதே மறந்துபோகிறது.

பெயர் எப்படியெல்லாம் மறக்கவைக்கும் என்பதற்கு இன்னோர் உதாரணம். 1950, 60களின் தேக்குச் சாமான்களை உலகச் சந்தை இன்றும் 'டேனிஷ் தேக்கு' என்கிறது. டென்மார்க் காட்டில் தேக்கு கிடையாது. 1897இல் கோபன்ஹேகனில் தொடங்கிய கிழக்காசிய நிறுவனம் சயாம் தேக்கு வியாபாரத்தில் வளர்ந்தது. செட்டிநாட்டு வீடுகளுக்கும் தேக்கு கடல் கடந்துதான் வந்தது. ஆனால் நாம் அதைப் 'பர்மாத் தேக்கு' என்று ஊர்ப்பெயரோடு சொல்கிறோம். வெட்டிய நியாய அநியாயம் வேறு கணக்கு, குறைந்தபட்சம் எந்தக் காடு என்றாவது தெரிகிறது.

சரி, இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? கண்ணின் முடிவு கண்ணோடு நிற்பதில்லை, காட்டுக்குப் போகிறது. நெருக்கமாக நட்டால் கீழ்க்கிளைகள் நிழலில் சீக்கிரம் செத்து உதிரும், தண்டில் கணு குறையும். ஸ்வீடனில் 1903இலிருந்தே வெட்டிய காட்டை மீண்டும் வளர்க்க வேண்டும் என்று சட்டம் உண்டு. நல்ல சட்டம், அதனால் மரம் குறையவில்லை. ஆனால் கடந்த நூற்றாண்டின் நடுவிலிருந்து ஒரு பகுதியை மொத்தமாக வெட்டி மொத்தமாக நடுவதே வழக்கமானது. ஒரே வயது, ஒரே இனம். கிழட்டு மரமும் விழுந்து மக்கும் மரமும் அங்கே அரிது. அவற்றை நம்பியே வாழும் பூச்சியும் பூஞ்சையும் ஏராளம். வடக்கே சாமி மக்களின் கலைமான்கள் குளிர்காலத்தில் மேய்வது தரையில் படரும் லைக்கனையும் வயதான மரங்களில் தொங்கும் லைக்கனையும். இந்த வெட்டுமுறைக்குக் காகிதக்கூழ், கட்டுமானம் என்று பெரிய காரணங்கள் இருக்கின்றன, வரவேற்பறை நாற்காலி அதில் சிறு பங்குதான். ஆனால் ஒழுங்கான, ஒரே மாதிரியான மரமே மரம் என்று நம் கண் பழகிவிட்டால், ஒழுங்கான, ஒரே மாதிரியான காட்டைப் பார்த்து அதுதான் காடு என்று நம்பிவிடும்.

தரம் பிரிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாற்காலிக் காலின் குறுக்கே பெரிய கணு இருந்தால் அங்கேதான் முறியும். அதை விலக்குவது பொறியியல். உட்காரும் பலகையின் ஓரத்தில் உள்ள சின்னக் கணுவை விலக்குவது ரசனை. என் வேலையில் தரவுகளைச் சுத்தம் செய்யும்போதும் இதே கேள்வி தினமும் வரும். ஒரு புள்ளி மற்றவற்றோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது. கருவி பிழையாக அளந்திருந்தால் அதை நீக்கலாம். சரியாக அளந்தும் நம் வரைகோட்டைக் கெடுக்கிறது என்பதற்காக நீக்கினால் அது வேறு. இரண்டுக்கும் 'சுத்தம்' என்று ஒரே பெயர்தான், அங்கேதான் சிக்கல்.

கணுவும் நாளை நாகரிகமாகி, அதற்கும் கூடுதல் விலை வைத்து 'அளவான காட்டுத்தனம்' பொறுக்கி விற்கப்படலாம். அதற்கு நான் கண்ட ஒரே சோதனை வாங்கிய பிறகுதான் வருகிறது. மேசையில் காபி வட்டம் விழும், குழந்தை ஆணியால் கீறும், ஜன்னல் பக்கம் மட்டும் நிறம் மாறும். அப்போது உப்புத்தாள் எடுத்துத் தேய்த்து, எண்ணெய் போட்டு, மிச்சத் தழும்போடு அதை வைத்துக்கொள்கிறோமா, தெருவில் வைத்துவிட்டு அடுத்த 'இயற்கை'யை வாங்கப் போகிறோமா? தழும்பைத் தாங்காத வீட்டுக்குள் கணுவைக் கொண்டுவந்தாலும் அது அச்சிட்ட கணுவுக்குச் சமம்தான்.

கடையில் நாம் வழக்கமாகக் கேட்பது "இது முழுமரமா, வெனீரா?" என்பது. இப்போதெல்லாம் எனக்குக் கேட்கத் தோன்றுவது வேறு: இந்தப் பலகைக்காக எந்தப் பலகையைத் தள்ளினீர்கள், எதற்காக, அது எங்கே போனது? கடைக்காரருக்குத் தெரிந்திருக்காது, அவர்மேல் தப்பில்லை. பெரும்பாலும் காகிதக்கூழுக்கும் கொதிகலனுக்கும் போகிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் நின்று வளர்ந்து, நடுவில் கொஞ்சம் கருத்துவிட்டதற்காக.